நாற்பத்தேழாம் எண் பால்

எங்கள் பால் நிலையத்தில் யாருக்கும் பெயர் கிடையாது, எண்தான். பன்னிரண்டு என்றால் மீசைக்காரர். முப்பத்தொன்று என்றால் தினமும் கடைசியாக வந்து முதலில் போகத் துடிப்பவர். நாற்பத்தேழு, நான் இப்போது சொல்லப்போகிறவள். எனக்கு எண்கூடக் கிடையாது. நான் டெஸ்டர், மேசைக்கு இந்தப் பக்கம் நிற்பவன். ஊரார் கொண்டுவரும் பாலில் கொழுப்பு எவ்வளவு, கெட்டி எவ்வளவு என்று பார்த்து, இது நல்ல பால், இது ஆகாத பால் என்று பத்தொன்பது வருடமாகச் சொல்லிவருகிறேன். இத்தனை வருடம் அப்படிச் சொல்லிக்கொண்டே இருந்தால் மனிதனுக்குத் தலைக்கனம் வராமல் என்ன செய்யும்? எனக்கும் வந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் சொல்ல வெட்கமாக இருக்கும்.

நாற்பத்தேழுக்கு வயது முப்பத்தைந்து இருக்கும். மாடு வாங்குவதற்கு முன்னால் பன்னிரண்டு வருடம் ஒரு சட்டைக் கம்பெனியில் காலர் தைத்தவள். காலர் மட்டும்தான். "ஒரு முழுச் சட்டைய நான் தைச்சதே இல்லண்ணே. எந்தக் கழுத்துக்கெல்லாம் போச்சோ" என்று சொல்லிச் சிரிப்பாள். கம்பெனியை மூடியபோது கையில் கொடுத்ததை வைத்து ஒரு மாடு வாங்கினாள். கணவன் லாரி ஓட்டுகிறவன். மாதத்தில் நாலு நாள் வீடு தங்கினால் பெரிது. வீட்டில் அவளும் மாமியாரும்தான். பால் கேனை மூன்று தண்ணீரில் அலசி, வெயிலில் கவிழ்த்து, வாயில் வெள்ளைத் துணி கட்டிக் கொண்டுவருவாள். அந்தத் துணியின் ஓரத்தைக்கூடக் காலர் மாதிரி மடித்துத் தைத்திருப்பாள். கை பழகிய வேலை சும்மா இருக்குமா?

அவளிடம் எனக்கு மிகவும் பிடித்தது, அவள் கேள்வி கேட்பாள். சாயங்காலப் பால் ஏன் கெட்டியாக இருக்கிறது, கன்று போட்ட புதிதில் பால் ஏன் மஞ்சளாக வருகிறது, ஒன்று விடமாட்டாள். என் வீட்டில் அப்படிக் கேட்க ஆள் இல்லை. நான் வாயைத் திறந்தாலே என் மனைவி குழாயைத் திறந்துவிடுவாள். ஆகவே நாற்பத்தேழு வந்து நின்றால் எனக்கு உள்ளம் குளிர்ந்துவிடும். தெரிந்ததைச் சொல்வேன். தெரியாததை இன்னும் நன்றாகச் சொல்வேன்.

மூன்று வருடத்துக்கு முன் என்னை இரண்டு நாள் தீவனப் பயிற்சிக்கு அனுப்பியிருந்தார்கள். மாவுச்சத்து கொடுத்தால் பால் கூடும் என்று முதல் நாள் காலையில் படம் போட்டு விளக்கினார்கள். மதியம் வயிறு முட்டச் சாப்பாடு போட்டார்கள். அதற்குப் பிறகு நடந்தது நார்ச்சத்து பற்றிய வகுப்பு. நான் தூங்கிவிட்டேன். சான்றிதழ் மட்டும் எல்லா வகுப்புக்கும் சேர்த்துக் கொடுத்தார்கள். அதற்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு மேசைக்குப் பின்னால் மாட்டியிருந்தேன்.

ஒருநாள் காலை வரிசையில், பால் குறைந்துவிட்டது என்று பேச்சு வந்தது. சான்றிதழ் முதுகுக்குப் பின்னால் இருக்கும்போது நான் சும்மா இருப்பேனா?

"வைக்கோல்ல என்ன இருக்கு? வயித்த ரொப்பும், அவ்வளவுதான். அத நிறுத்துங்க. ரொட்டிக் கடையில மிஞ்சின ரொட்டிய வாங்கிப் போடுங்க, கூட கலப்புத் தீவனம் போடுங்க. மேயவும் விடாதீங்க, நடந்தா பால் கரைஞ்சு போகும். கொட்டகையிலயே கட்டிப் போடுங்க. அப்புறம் பாருங்க" என்றேன்.

"டெஸ்டர் மாடு வச்சிருந்தா தெரியும் சேதி" என்றார் பன்னிரண்டு, மீசையைத் தடவிக்கொண்டே.

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டு வீட்டுக்குப் போய் வழக்கம்போல வைக்கோலை உதறிப் போட்டார்கள். நாற்பத்தேழு சிரிக்கவில்லை. "ரொட்டி எத்தன கிலோண்ணே?" என்று கேட்டாள். வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "ஆறு கிலோ போடும்மா."

பத்தே நாளில் அவள் மாடு ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் கறந்தது. "அண்ணே, நீங்க சொன்னது பலிச்சிருச்சு" என்று கேனைத் தூக்கிக் காட்டினாள். "கேட்டுக்கிட்டீங்களா?" என்று நான் மீசைக்காரரைப் பார்த்தேன். அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

பிறகுதான் கொழுப்பு இறங்க ஆரம்பித்தது. நாலு இருந்தது மூன்றரை ஆயிற்று. மூன்று ஆயிற்று. ஒருநாள் இரண்டரைக்கு வந்து நின்றது. மூன்றுக்குக் கீழே போனால் நாங்கள் பாலை வாங்கக் கூடாது. அதே சமயம் லாக்டோமீட்டர் சற்று மேலே எழும்பியிருந்தது. லாக்டோமீட்டர் என்பது பாலில் மிதக்கவிடும் கண்ணாடிக் குழல். தண்ணீர் கலந்த பாலில் அது ஆழமாக இறங்கும்; ஆடையை எடுத்துவிட்ட பாலில் கொஞ்சம் எழும்பி நிற்கும். கொழுப்பு இறங்கி, குழல் எழும்பினால் அதற்கு ஒரே அர்த்தம்தான் என்பது என் கணக்கு. ராத்திரிப் பாலை எடுத்துவைத்து, மேலே திரளும் ஆடையை வழித்துக்கொண்டு, மிச்சத்தைக் காலைப் பாலோடு கலந்து கொண்டுவருகிறார்கள் என்று அர்த்தம். தண்ணீர் ஊற்றுகிறவனைச் சின்னப் பிள்ளைகூடப் பிடித்துவிடும். ஆடை எடுக்கிறவனைப் பிடிக்க டெஸ்டர் வேண்டும். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை நினைத்தால் இப்போது கூசுகிறது.

"ஆடைய எடுத்துட்டுக் கொண்டாந்தா எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியாம்மா?" என்றேன், வரிசை முழுவதற்கும் கேட்கும்படி.

அவளுக்கு முதலில் புரியவே இல்லை. "என்ன ஆடைண்ணே? இப்பக் கறந்தத அப்படியே கொண்டாந்தேன்."

"மனுஷங்க பொய் சொல்லுவாங்க. நம்பர் பொய் சொல்லாது."

"அப்ப மாட்டுக்குத்தான் என்னமோ ஆயிருக்கு. வந்து பாருங்கண்ணே. உங்க முன்னாடியே கறந்து காட்டுறேன்."

"மாட்டுக்கு ஆடை எடுக்கத் தெரியாதும்மா" என்றேன்.

வரிசை கொல்லென்று சிரித்தது. எனக்குப் பின்னால் கரும்பலகை இருக்கிறது. திருப்பி அனுப்பும் பாலின் எண்ணை அதில் எழுதவேண்டும். எண் மட்டும் எழுதினால் போதும். நான் "47 – ஆடை எடுத்த பால்" என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். எழுத்து அழகாக வந்திருக்கிறதா என்று ஒரு அடி பின்னால் போய்ப் பார்க்கவும் செய்தேன். அவள் கேனின் வாயில் துணியைத் திரும்பக் கட்டிக்கொண்டு போனாள். மூன்று தடவை முடிச்சு நழுவியது.

சந்தேகம் வந்தால் கொட்டகைக்கே போய், கண்ணெதிரே கறக்கச் சொல்லிப் பார்க்கவேண்டும் என்று எங்களுக்கு விதி உண்டு. பயிற்சியில் அந்த வகுப்புக்கு நான் விழித்துத்தான் இருந்தேன். அவள் வீடு நிலையத்திலிருந்து இரண்டு கிலோமீட்டர். வெயில். அதற்குமேல் எனக்கு எந்தக் காரணமும் இருக்கவில்லை.

பலகையில் எழுதியது அவளுக்கு முன்னால் அவள் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. இதையெல்லாம் என் மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அவள் காதுக்கு எட்டாத சேதி இந்தத் தெருவில் கிடையாது. மாமியார் அன்றைக்கே சமையலறையில் உள்ள டப்பா ஒவ்வொன்றையும் திறந்து பார்த்தாளாம். அரிசிப் பானைக்குள் கையை விட்டுத் துழாவினாளாம். வெண்ணெய் அகப்படவில்லை. அகப்படாததால் சந்தேகம் தீர்ந்ததா? இன்னும் வலுத்தது. "இங்க இல்லன்னா பொறந்த வீட்டுக்குப் போயிருக்கு. நான் பெத்த புள்ள ராப்பகலா லாரி ஓட்டுறான், இவ ஆத்தா வீட்டுக்கு வெண்ணெய் கடைஞ்சு அனுப்புறா" என்று பக்கத்து வீட்டில் போய் அழுதாளாம். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்; இங்கே குடமே உடையவில்லை. கணவன் எங்கோ சாலையோரத்திலிருந்து போனில் கேட்டானாம், "எடுத்தியா இல்லையா, அத மட்டும் சொல்லு" என்று. அவள் போனை வைத்துவிட்டாளாம்.

"அந்தப் பொண்ணு எடுத்திருக்க மாட்டா" என்றாள் என் மனைவி.

"உனக்கு என்ன தெரியும்? லாக்டோமீட்டர் தெரியுமா?"

"ஆள் தெரியும்" என்று சொல்லிவிட்டுக் குழாயைத் திறந்தாள்.

ஐந்தாம் நாள் காலை வரிசையில் ஒரு சலசலப்பு. நிமிர்ந்து பார்த்தால் நாற்பத்தேழு வருகிறாள், கையில் கேன் இல்லை, கயிறு. கயிற்றின் மறுமுனையில் மாடு. இரண்டு கிலோமீட்டரையும் அது நொண்டி நொண்டி நடந்து வந்திருந்தது. வாயோரம் எச்சில் வடிந்தது. மாட்டை நேராக மேசைக்கு எதிரே கொண்டுவந்து நிறுத்தி, என்னிடம் கையை நீட்டினாள். "பாத்திரம் குடுங்கண்ணே. உங்க பாத்திரமே குடுங்க."

கொடுத்தேன். உட்கார்ந்து கறந்தாள். பாதியில் எனக்கு ஒரு நப்பாசை. "முதல் பால்ல கொழுப்பு கம்மியாத்தான் இருக்கும். கடைசிச் சொட்டு வரைக்கும் கறக்கணும்" என்றேன். அது உண்மைதான். ஆனால் நான் உண்மைக்காகச் சொல்லவில்லை. அவள் தலையை மாட்டின் விலாவில் முட்டுக்கொடுத்து, நாலு காம்பும் வற்றும்வரை கறந்து, பாத்திரத்தை மேசைமேல் வைத்தாள். நான் கலக்கினேன், எடுத்தேன், கொழுப்பு பார்க்கும் இயந்திரத்தில் வைத்தேன்.

இரண்டு புள்ளி மூன்று.

"மெஷின்ல ஏதோ கோளாறு" என்றேன்.

"இப்பத்தான் என் பாலுக்கு நாலு புள்ளி ரெண்டு காட்டுச்சு" என்றார் மீசைக்காரர்.

அன்று புதன்கிழமை. புதன்தோறும் மாட்டு டாக்டர் நிலையத்துக்கு வருவார். அவர் பைக்கை நிறுத்திவிட்டு நேராக மாட்டிடம் போனார். குளம்பைத் தொட்டுப் பார்த்தார். சாணியைக் குச்சியால் கிளறினார். கூழ் மாதிரி இருந்தது.

"குளம்பு சுடுது. அசை போடுதாம்மா?"

"முன்ன மாதிரி இல்ல டாக்டர். சும்மா நிக்குது."

"கொட்டகை எப்படி?"

"தகரம் போட்டது. மத்தியானமானா நாக்கத் தொங்கப்போட்டு இரைக்குது. வெளியவே விடுறதில்ல."

"வைக்கோல் எவ்வளவு போடுற?"

"நிறுத்திட்டேன். புல்லும் இல்ல. ரொட்டி ஆறு கிலோ, அப்புறம் தீவனம்."

டாக்டர் குச்சியைக் கீழே போட்டார். "பால்ல இருக்கற வெண்ணெய் ரொட்டியிலேருந்து வராதும்மா. வைக்கோலும் புல்லும் வயித்துல ஊறி, திரும்ப வாய்க்கு வந்து, அத மென்னு மென்னு முழுங்கணும். அதுலேருந்துதான் வெண்ணெய் ஊறும். நார நிறுத்திட்டு மாவா கொட்டுனா வயிறு புளிச்சுப்போகும். மொதல்ல பால் கூடுற மாதிரி இருக்கும். அப்புறம் வெண்ணெய் போகும், குளம்பு போகும். இன்னும் ரெண்டு மாசம் விட்டிருந்தா மாடே போயிருக்கும். யாரு உனக்கு இந்த யோசன சொன்னது? அந்த ஆளக் கூட்டிட்டு வா, மொதல்ல அவனுக்கு ஊசி போடுறேன்."

வரிசையில் சிலர் சிரித்தார்கள். நான் ஏற்கெனவே கழுவிய சோதனைக் குழாயை மறுபடி கழுவிக்கொண்டிருந்தேன். நாற்பத்தேழு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். என் தலைக்குமேலே இருந்த சான்றிதழையும் பார்த்தாள். பிறகு டாக்டர் பக்கம் திரும்பினாள்.

"யாரும் சொல்லல டாக்டர். பால் கூடுமேன்னு நானாத்தான் போட்டேன்."

அப்போது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். ஒரு வாக்கியம் போதும். 'நான்தான் சொன்னேன்.' அவ்வளவுதான். பத்தொன்பது வருடமாக ஓயாத வாய் அன்றைக்குப் பார்த்து ஒட்டிக்கொண்டது. மீசைக்காரர் என்னையே பார்த்தார். அவருக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. அவரும் பேசவில்லை, நாளைக்கும் அவர் பால் என் மேசைக்குத்தான் வரவேண்டும். டாக்டர் ரொட்டியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கச் சொன்னார். காலையும் மாலையும் வைக்கோல், வெயில் தாழ்ந்ததும் மேய்ச்சல், தகரத்தின்மேல் தழை பரப்பித் தண்ணீர் தெளிப்பது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அவள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்த வழியே போனாள். அவள் தெருமுனை திரும்பியபிறகு நான் ஈரத்துணியால் பலகையைத் துடைத்தேன். காய்ந்ததும் எழுத்து மங்கலாகத் திரும்பத் தெரிந்தது.

ராத்திரி சாப்பிடும்போது மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் குழாயைத் திறக்கவில்லை. முழுக்கக் கேட்டாள்.

"ஊரே சிரிச்சுட்டுப் போன பேச்ச ஒருத்திதான் நம்புனா. நானே உங்க பேச்சக் கேட்டதில்ல, அவ கேட்டா. அவ தலையில போயிக் கல்லப் போட்டிருக்கீங்க. உங்க பேரக் காப்பாத்தவும் அவதான் பொய் சொல்லணுமா?"

தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்தேன். ஆனாலும் மறுநாள் போய் எல்லோரிடமும் சொன்னேனா? இல்லை. கொழுப்பு ஏறட்டும், நம்பரே எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்று காத்திருந்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்க்கிறவனுக்கு ஒரு நாள் போவது ஒரு யுகம். இரண்டு புள்ளி எட்டு. மூன்று புள்ளி ஒன்று; அன்றிலிருந்து பாலை வாங்க ஆரம்பித்தோம். மூன்று புள்ளி ஆறு. தினமும் கேனை வைக்கும்போது அவளாகவே, "இப்பக் கறந்ததுண்ணே, நேத்துப் பால் கலக்கல" என்பாள். நான் கேட்டதில்லை. கேட்காமலே சொல்வாள். முன்பு கேட்டுக்கொண்டிருந்த கேள்விகளில் ஒன்றுகூட அதற்குப் பிறகு வரவில்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அவள் குரலைக் கேட்டாலே நான் லாக்டோமீட்டரைத் துடைக்கிற சாக்கில் திரும்பிக்கொள்வேன்.

நாலு புள்ளி பூஜ்யம் வந்த அன்று, அதற்குமேல் காத்திருக்க எனக்குச் சாக்கு எதுவும் மிச்சமில்லை. வரிசையைப் பார்த்துச் சொன்னேன். "இந்தம்மா ஆடை எடுக்கல. வைக்கோல நிறுத்து, மாட்டக் கட்டிப்போடுன்னு சொன்னது நான். அந்தப் பாலுக்குத் திருட்டுப் பட்டம் கட்டுனதும் நான்."

வானம் இடிந்து விழவில்லை. "அது கெடக்கட்டும் டெஸ்டர், என் பாலப் பாருங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றார் முப்பத்தொன்று. இவ்வளவுதானா என்று இருந்தது. இதற்கா ஒரு மாதம் பயந்து செத்தேன்?

நாற்பத்தேழு மட்டும் போகாமல் நின்றாள். "இத எங்க வீட்ல வந்து சொல்றீங்களாண்ணே? நான் சொன்னா எடுபடல."

அன்று சாயங்காலமே போனேன். கொட்டகை வாசலிலேயே இருந்தது. தகரத்தின்மேல் தழை. மாடு மண்தரையில் படுத்து, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு அசை போட்டுக்கொண்டிருந்தது. கம்பத்தில் பழைய காலண்டர் தாள் ஒன்று ஒட்டியிருந்தது. பின்பக்கத்தில் அவள் கையெழுத்து. 'ரொட்டி 6 கிலோ. வைக்கோல் கூடாது. நடக்க விடக் கூடாது. – டெஸ்டர் அண்ணன்.' எல்லாவற்றுக்கும் குறுக்கே ஒரு கோடு போட்டு, கீழே டாக்டர் சொன்னதை எழுதியிருந்தாள். என் பெயருக்கு மட்டும் கோடு போடவில்லை. டாக்டர் கேட்ட அன்றும் இந்தத் தாள் இங்கேதான் இருந்திருக்கும்.

மாமியார் முன்னறையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். சமையலறை அலமாரிச் சாவி அவள் இடுப்பில் இருந்தது. நான் உட்காராமலே சொன்னேன். ஒன்றையும் விடவில்லை, பலகையில் எழுதியது, வந்து பார்க்கக் கூப்பிட்டும் வராதது, டாக்டர் முன்னால் வாயைப் பொத்திக்கொண்டது. "உங்க மருமக கை சுத்தம். தப்பு என்னோடது" என்றேன்.

"அத நீ வேற சொல்லணுமாப்பா? என் மருமகள எனக்குத் தெரியாதா? நான் அப்பவே சொன்னேன், அவ அப்படிப்பட்டவ இல்லன்னு" என்றாள் மாமியார். கொஞ்சமும் கூசாமல் சொன்னாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் அந்த அம்மாளை அரிசிப் பானைக்குள் கைவிட வைத்தவன் யார்?

நாற்பத்தேழு சமையலறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே போய் மூன்று டம்ளரில் டீ கொண்டுவந்தாள். எனக்கு ஒன்று, மாமியாருக்கு ஒன்று. மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தாள். அவள் டம்ளரில் இருந்தது கறுப்பு டீ.

"பால் ஊத்திக்கலையாம்மா?" என்று கேட்டேன்.

"அவ இப்பல்லாம் பாலே சேத்துக்கறதில்ல. எத்தன தடவ சொல்லிட்டேன், கேட்டாத்தான?" என்றாள் மாமியார்.

"அதான் நான் வந்து எல்லாத்தையும் சொல்லிட்டேனேம்மா. இனிமே யாரும் ஒரு வார்த்த கேக்கமாட்டாங்க."

அவள் டம்ளரை உருட்டிக்கொண்டே மாட்டைப் பார்த்தாள். "கேக்கமாட்டாங்கண்ணே. ஆனா என்னிக்காவது யாராச்சும் கேட்டா, நான் ஒரு சொட்டுகூடத் தொட்டதில்லன்னு சொல்லணும்ல. இப்படியே பழகிருச்சு."

நான் என் டீயைக் குடித்தேன். வைத்துவிட்டு வந்திருக்கலாம், அவள் ஆசையாகப் போட்டுக் கொடுத்தது, மனம் வரவில்லை. கெட்டியான, நல்ல பால். வாயில் வைத்ததுமே தெரிந்தது.